கல்லில் அடிப்பதற்கு முன்னால்: பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் சிறுவர் பூங்காவுக்கு, போன மாதம் காலமான நம் கர்னல் சாரின் பெயரை வைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். கேட்டதும் மனசுக்கு நிறைவாக இருந்தது. பூங்கா வாசலில் கல்வெட்டு வைக்கப் போவதாகவும் சொன்னார்கள். அதன் வாசகத்தைப் பிழை திருத்தித் தரச் சொல்லி, உங்கள் அலுவலகத்துத் தம்பி நேற்று என் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது. திருத்திவிட்டேன். மற்ற பிழைகளைத் திருத்தும் அதிகாரம் எனக்கு இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

நான் யாரென்று உங்களில் பலருக்குத் தெரியும். தேரடித் தெருவில் முப்பது வருடத்துக்கு மேல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவள். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிறது. மன்றத்திலேயே இரண்டு பேர் என்னிடம் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படித்தவர்கள். ஒருவர் ஹையரும் பாஸ் செய்தார். இன்னொருவர் யார் என்று சொல்லமாட்டேன்.

நீங்கள் எழுதியிருப்பது இது: "மூன்று போர்களில் எதிரிகளைச் சிதறடித்தவரும், கார்கில் நாயகனும், வீர் சக்ரா விருது பெற்றவரும், இலங்கையில் புலிகளை ஒடுக்கியவருமான மாவீரர் மேஜர் ஜெனரல்" என்று தொடங்கி அவர் பெயர் வருகிறது.

இதில் அவர் பெயர் மட்டும்தான் சரி.

கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஆசையாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் கர்னல் சார் ஒரு மனுவில் கமா இடம் மாறி விழுந்திருந்தால் முழுத் தாளையும் மறுபடி அடிக்கச் சொல்கிறவர். அப்படிப்பட்டவர் பெயருக்கு மேல் இத்தனை தப்பைக் கல்லில் அடித்து வைப்பதா?

கார்கிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். கார்கில் சண்டை நடந்தது 1999ல், மே மாதம் தொடங்கி ஜூலை வரை. கர்னல் சார் ஓய்வுபெற்றது 1992ல். அந்தக் கோடை முழுக்க அவர் எங்கே இருந்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் கடையில், மூன்றாம் நம்பர் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு 'ள்'-ஐத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

அடுத்து பதவி. அவர் மேஜர் ஜெனரல் இல்லை, லெப்டினன்ட் கர்னல். பேச்சில் சுருக்கி 'கர்னல்' என்று கூப்பிடுவது வழக்கம். இரண்டுக்கும் நடுவில் கர்னல், பிரிகேடியர் என்று இரண்டு படி இருக்கிறது. அவற்றில் ஏறவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்ததா என்றால், கொஞ்சம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஊர்க்காரர்கள் மரியாதைக்காகப் பதவியைக் கூட்டிச் சொன்னால் அங்கேயே திருத்துவார். இன்னொன்றிலும் கறாராக இருந்தார். பெயருக்கு முன்னால் 'ஓய்வுபெற்ற' என்று போடக்கூடாது, பெயருக்குப் பின்னால்தான் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று வரவேண்டும். "ரிட்டயர் ஆனது நான். ரேங்க் ரிட்டயர் ஆகாது டீச்சரம்மா" என்பார். ராணுவத்தில் எழுதும் முறையே அதுதானாம். கல்வெட்டில் அதையாவது கவனியுங்கள்.

வீர் சக்ரா அவருக்குக் கிடைக்கவில்லை. அது போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்கான விருதுகளில் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா இரண்டுக்கும் அடுத்த படியில் இருப்பது. பெறாதவர் பெயரோடு அதைச் சேர்ப்பது, பெற்றவர்களுக்குச் செய்கிற அவமரியாதை. அவரிடம் இருந்தவை எல்லாம் சர்வீஸ் மெடல்கள். 1971ல் மேற்கு எல்லையில் பணியில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார் அதில் ஒன்று. "அங்கே இருந்ததுக்குக் கொடுத்தது, எதையும் கிழிச்சதுக்குக் கொடுத்தது இல்லை" என்று அவரே சொல்வார். வரவேற்பு பேனரில் அவர் படத்தோடு நெஞ்சு நிறைய மெடல் ஒட்டியிருக்கிறீர்களே, அந்த உடம்பு யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. கர்னல் சாருக்கு மீசையும் கிடையாது.

மூன்று போர் என்கிறீர்கள். இந்தக் கணக்கை நிதானமாகப் பார்ப்போம்.

அவர் ராணுவத்துக்குப் போகவேண்டும் என்று கனவு கண்டவர் இல்லை. வேலூரில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். 1962 அக்டோபர், நவம்பரில் சீனாவோடு சண்டை. அதில் பட்ட அடிக்குப் பிறகு அதிகாரிகள் போதவில்லை என்று எமர்ஜென்சி கமிஷன், அதாவது அவசரகால அதிகாரி நியமனம், என்று ஒன்றைக் கொண்டுவந்து, படித்த பையன்களை வேகவேகமாக எடுத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1963ல் பரங்கிமலையில் ஒரு பள்ளியைத் திறந்தார்கள். இன்றைக்கு ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி என்று பெரிய பெயரோடு இருப்பது அதுதான். இவர் அங்கே சேர்ந்ததும் அதே 1963ல்தான். சில மாதப் பயிற்சி, தோளில் ஸ்டார், கையில் ட்ரங்குப் பெட்டி, காட்பாடியில் ரயில். அவசரத்துக்கு எடுத்தவர்களில் நிறையப் பேரைச் சில வருடங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பென்ஷனும் இல்லாமல். இவருக்கு நிரந்தரமானது. அது தன் திறமையா அதிர்ஷ்டமா என்று கடைசிவரை அவருக்கே சந்தேகம்.

சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸில். அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. 1780ல் மெட்ராஸில் ஆரம்பித்த படை, இப்போது தலைமையகம் பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். ராணுவத்தில் அந்தப் படைக்காரர்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம், பஞ்சாபிக்காரரும் சரி, கூர்க்காவும் சரி. 1965 போர் நடந்தபோது இவர் அங்கேதான் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். "அறுபத்தஞ்சுல நான் பார்த்த ஒரே எதிரி அல்சூர் ஏரிக் கொசு" என்று சிரிப்பார்.

ஆக, மூன்று போர் இல்லை. ஒன்று. பிறகு யாழ்ப்பாணம்.

சாப்பர்ஸ் என்றால் என்ன வேலை என்று ஒரு நாள் கேட்டேன். "நாலு வேலை. பாலம் போடுறது, பாலத்தை உடைக்கிறது, கண்ணி வைக்கிறது, கண்ணி எடுக்கிறது" என்றார். பாலம் எப்படி அவ்வளவு சீக்கிரம் போடுவீர்கள், கிரேன் இருக்குமா என்றேன். அவர் மூன்றாம் நம்பர் மெஷினைத் தன் பக்கம் இழுத்தார். பழைய ரெமிங்டன் தமிழ் மெஷின். தாளைச் சுமந்து நகரும் மேல்பகுதியான கேரேஜை இடது பக்கமாகத் தள்ளினார். அது மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இதுதான் பெய்லி பாலம். ஒவ்வொரு துண்டும் பத்தடி நீளம், 570 பவுண்டு. ஆறு பேர் தூக்கிடலாம். இந்தக் கரையிலேயே துண்டு துண்டா மாட்டி, கீழே உருளை வெச்சு, இப்படியே அந்தக் கரைக்குத் தள்ளிக்கிட்டே போகணும். கிரேன் வேணாம். ஆனா பின்பக்கம் எப்பவும் கனமா இருக்கணும். பின்னாடி கனம் குறைஞ்சா மூக்கு குப்புற ஆத்துல."

சொல்லிக்கொண்டே கேரேஜை இன்னும் கொஞ்சம் தள்ளினார். வரி முடிந்த மணி டிங் என்றது. பக்கத்தில் லோயர் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒருத்தியும் ஸ்பீடு டெஸ்ட் எழுதவில்லை.

1971க்கு வருகிறேன். டிசம்பர் 3 தொடங்கி 17 வரை மேற்கில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் அவர் ஷகர்கர் பகுதியில் இருந்தார். பசந்தர் ஆற்றங்கரை. எதிரி தரையெல்லாம் கண்ணி விதைத்து வைத்திருந்தான். டாங்கிகள் அந்தப் பக்கம் போகவேண்டும் என்றால், சாப்பர்ஸ் முன்னால் போய்ப் பாதை சுத்தம் செய்யவேண்டும். தலைக்கு மேல் குண்டு வந்துகொண்டே இருக்கும். அந்த வேலையில்தான் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி உயிரை விட்டார். அவருக்கு இறப்புக்குப் பின் மகா வீர் சக்ரா. பாதை முழுதாக முடிவதற்கு முன்பே பூனா ஹார்ஸ் என்ற ரெஜிமென்ட்டின் டாங்கிகள் பாய்ந்து போய்விட்டன. அதில் போனவர்தான் 21 வயது அருண் கேத்தர்பால், டிசம்பர் 16 அன்று இறந்து பரம் வீர் சக்ரா பெற்றவர். பாடப்புத்தகத்தில் கேத்தர்பால் வருவார். பாதை சுத்தம் செய்த தம்பிகள் வரமாட்டார்கள்.

கர்னல் சார் அப்போது கேப்டன். தான் என்ன செய்தேன் என்று அவர் விவரமாகச் சொன்னதே இல்லை. கண்ணியை எப்படித் தேடுவது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறார். குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாக, மெதுவாக மண்ணுக்குள் விடவேண்டும். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் உச்சந்தலையில் படும், சாய்வாகப் போனால் விலாவில் படும். ஏதோ தட்டுப்பட்டால் நிறுத்தி, கையால் மண்ணை விலக்கிப் பார்க்கவேண்டும். கல்லாகவும் இருக்கலாம். கல் என்று தெரிந்ததும் வருகிற மூச்சு இருக்கிறதே, அது மாதிரி ஒரு மூச்சு வாழ்க்கையில் வேறு எதற்கும் வந்ததில்லை என்றார்.

நீங்கள் கல்வெட்டில் 'சிதறடித்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவும் சிதறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலையாக இருந்தது.

சண்டை இரண்டு வாரம். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை என்பார். வைத்த கண்ணியை எல்லாம் எடுக்கவேண்டும். விவசாயிகள் திரும்பி வந்து நிலத்தில் ஏர் பூட்டக் காத்திருக்கிறார்கள். பாகிஸ்தானோடு சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில். அந்த வருடத்தில் பல மாதம் அவர் கோதுமை வயல்களில் குப்புறப் படுத்துக் கிடந்தார். போர் முடிந்த பிறகு அவர் கம்பெனியில் ஒரு நாயக்குக்கு, அதாவது ஹவில்தாருக்குக் கீழ்ப் பதவியில் இருந்தவருக்கு, கால் போனது. அந்த நாயக் நம் மாவட்டத்துக்காரர். பின்னால் அவருக்கு ஊனமுற்றோர் பென்ஷன் மறுகணக்கீடு வாங்கித் தந்ததும் இவர்தான்.

நடுவில் எல்லைச் சாலைப் பணி. அருணாசலப் பிரதேசத்தில் தவாங் போகிற மலைச்சாலை, சேலா கணவாய், 13,700 அடி. அதைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் குளிரும் மண்சரிவும்தான், நமக்கு இப்போது தேவையில்லை. ஆனால் 1977ஐ விடமுடியாது. நவம்பர் 19 அன்று ஆந்திராவில் திவிசீமையைப் புயல் அடித்துப் போனது. கடல் உள்ளே வந்து பத்தாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சாலையைத் திறந்துவிட அனுப்பப்பட்ட ராணுவத்தில் இவரும் இருந்தார். "நான் அதிகமாப் பொணம் பார்த்தது போர்ல இல்லை டீச்சரம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கப்புறம் அன்று டிக்டேஷன் நடக்கவில்லை.

இனி இலங்கை. இதைச் சுருக்கமாகத்தான் எழுதமுடியும், ஏனென்றால் அவர் சுருக்கமாகக்கூடப் பேசவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். போன புதிதில் சனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே தெருக்களில் சண்டை. 1990 மார்ச்சில் கடைசிப் படை கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. அது சரியா தப்பா என்று பேச நான் இங்கே வரவில்லை, கர்னல் சாரும் பேசியதில்லை.

ஒன்று மட்டும் நான் கண்ணால் பார்த்தேன். அகதி முகாமிலிருந்து ஒரு அம்மா பிறப்புச் சான்றுக்கு விண்ணப்பம் அடிக்க வந்தார். "தம்பி, இதிலே கொஞ்சம் தள்ளி இருக்கிறீங்களோ" என்று கர்னல் சாரிடம் கேட்டார். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் இவர் எழுந்துவிட்டார். ஸ்டூலைத் துடைத்து அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அந்த அம்மா போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். "அங்க எல்லா வீட்லயும் கிணறு உண்டு. தண்ணி கேட்டா நம்ம பாஷையிலயே இல்லைன்னு சொன்னாங்க" என்றார். அவ்வளவுதான். முப்பது வருடப் பழக்கத்தில் யாழ்ப்பாணத்தைப் பற்றி நான் கேட்ட மொத்தமும் இந்த இரண்டு வரி.

தலைவர் அவர்களே, 'ஒடுக்கியவர்' என்ற அந்தச் சொற்றொடரை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வேறு எதையும் எடுக்காவிட்டாலும்.

சரி, அந்த 'ள்' கதை.

நம் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். போனவர்களில் முக்கால்வாசி சிப்பாய்கள். பதினைந்து, பதினேழு வருடம் முடித்து முப்பத்தைந்து வயதில் திரும்பி வருவார்கள். பென்ஷன் வரும். அவர்கள் போன பிறகு சம்சாரத்துக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும். வரவேண்டும் என்பதற்கும் வருகிறது என்பதற்கும் நடுவில் எத்தனை அலுவலகம் இருக்கிறது என்பது, அந்த வாசல்களில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பாட்டி. பெயரை மாற்றிச் சொல்கிறேன், பிழையை மாற்றவில்லை. ராணுவ ஏட்டில் அவர் பெயர் ஆங்கிலத்தில் முனியம்மா. அறுபதுகளில் ஏதோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. ரேஷன் கார்டில், ஓட்டுச் சீட்டில், பாங்க் பாஸ்புக்கில் முனியம்மாள். கடைசியில் ஒரு எழுத்து கூடுதல். கணவர் 1998ல் இறந்தார். இந்த முனியம்மாள்தான் அந்த முனியம்மா என்று நிரூபித்தால்தான் பணம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது.

கர்னல் சார் அந்த ஃபைலை எடுத்தார். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம். கிராம நிர்வாக அலுவலர் சான்று. தாசில்தார் சீல். வாரிசுச் சான்று. டிஸ்சார்ஜ் புக் நகல். எல்லாம் சேர்த்து மாவட்டத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, கணவர் இருந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு. அவர்கள் ஏட்டில் திருத்தி ஆணை வெளியிடவேண்டும். பிறகு அது பென்ஷன் கணக்கைப் பார்க்கிற இடத்துக்குப் போய், புதுப் பி.பி.ஓ., அதாவது ஓய்வூதிய ஆணை, வந்து, அது பாங்குக்கு வந்து, பாங்கில் ஆள் மாறாமல் இருந்து. ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு தாள் திரும்பி வரும். ஒரு தடவை, தாசில்தார் சான்றிலேயே முனியம்மா'ல்' என்று வந்தது. கர்னல் சார் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "கண்ணிவெடி பரவாயில்லை" என்றார்.

1999 கோடை இப்படித்தான் போனது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கார்கில் நிலவரம் கேட்பார்கள். டைகர் ஹில்லைப் பிடித்துவிட்டார்களாமே சார் என்பார்கள். "ஆமா" என்று சொல்லிவிட்டு, "டீச்சரம்மா, மூணாவது பாராவுல 'மேற்படியாள்' வேணாம், 'மேற்கண்ட மனுதாரர்'னு போடுங்க" என்பார்.

2003ல் பணம் வந்தது. ஐந்து வருட நிலுவை. அதைக் கையால் கூட்டிப் பார்த்து, அகவிலைப்படியில் எட்டு மாதம் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு மனு எழுதினார். பாட்டி ஒரு மஞ்சள்பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஐந்து வருடமாக நாங்கள் எதைத் தேடிக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குப் புரிந்த விதம் வேறு. "அந்த ள்ளு கெடச்சிடுச்சா சாமி?" என்று கேட்டார். "கெடச்சிடுச்சிம்மா, பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார் கர்னல் சார். ஒரு கைப்பிடி கடலை மட்டும் எடுத்துக்கொண்டு பையை என் மேசை மேல் வைத்தார். "அடிச்சது நீங்க."

இப்படி எத்தனை பேர். சில பேருக்குப் பெயர், சில பேருக்குப் பிறந்த தேதி, சில பேருக்கு இரண்டாம் கல்யாணம் ஏட்டில் ஏறாதது. இரண்டாம் உலகப் போருக்குப் போய்வந்து பென்ஷனே இல்லாத கிழவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் மாத உதவிக்கு விண்ணப்பம். ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று. 2015ல் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் என்று அறிவித்தபோது, அது 2014 ஜூலை முதல் கணக்கு என்பதால் ஊரில் யாருக்கும் எவ்வளவு நிலுவை என்று புரியவில்லை. கர்னல் சார் கட்டம் போட்ட பெரிய தாளில் பதவி, சர்வீஸ், பழைய தொகை, புதுத் தொகை என்று எழுதி என் கடை வாசலில் ஒட்டினார். ஒரு வாரம் திருவிழாக் கூட்டம். கடன் வாங்கப்போனவர்கள் கூட நிலுவையைக் காட்டி வாங்கினார்கள் என்று கேள்வி.

யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. டைப்படித்த கூலியை அவரே கொடுத்துவிடுவார், நான் வேண்டாம் என்றால் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டுவார்.

அவரைச் சாமியாக்க நான் இதை எழுதவில்லை. கோபக்காரர். காத்திருக்கச் சொன்ன பாங்க் மேனேஜரை இந்தியில் திட்டி, பிறகு மன்னிப்புக் கடிதம் அடிக்க என்னிடம் வந்திருக்கிறார். கஞ்சன் என்ற பெயர் ஊரில் உண்டு. ராணுவக் கேன்டீன் ரம் கேட்டு வராத பிரமுகர் இல்லை, ஒருவருக்கும் ஒரு பாட்டில் கொடுத்ததில்லை. கார்டு இரவல் கொடுக்கிற பொருள் இல்லை என்பார். இன்றைக்குக் கல்வெட்டு வைக்கத் துடிக்கும் சிலர், அன்று அந்த விஷயத்தில் அவரோடு பேச்சை நிறுத்தியவர்கள். பெரிய மகனோடு அவருக்கு இருபது வருடம் சரியில்லை. வீட்டில் வராத பொறுமை என் கடையில் எப்படி வந்தது என்று அவர் மனைவியே கேட்டிருக்கிறார்.

இப்போது என் கோரிக்கை. இரண்டு.

முதலாவது வாசகம். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த கல் ஒன்று அதில் இருக்கிறது. இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். மாவீரர், சிங்கம், நாயகன் எதுவும் கிடையாது. கர்னல் சாருக்கு அந்தக் கல் பிடிக்கும். அதை மனதில் வைத்து நான் எழுதியிருப்பது இது:

"லெப்டினன்ட் கர்னல் (இங்கே அவர் பெயர்), (ஓய்வு). இந்த ஊர்க்காரர். 1963 முதல் 1992 வரை இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையில் இருந்தார். பாலம் போட்டார், கண்ணிவெடி எடுத்தார். பிறகு இந்த ஊரில் இத்தனை பேருக்கு மனு எழுதினார்."

மீசையில்லாத, மெடல் இல்லாத படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கடை ஆண்டுவிழாவில் எடுத்தது. பின்னால் மூன்றாம் நம்பர் மெஷினும் தெரியும். வேண்டுமானால் தருகிறேன்.

இரண்டாவது, அவர் விட்டுப்போன ஃபைல்கள். மூன்று அட்டைப்பெட்டி என் கடையில் இருக்கிறது. அதில் பதினொன்று இன்னும் முடியாதவை. பேரூராட்சி நூலகத்தில் பின் அறை பூட்டியே கிடக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி கொடுத்தால் போதும். ஹவில்தாராக ஓய்வுபெற்ற இரண்டு பேர் உட்காரத் தயாராக இருக்கிறார்கள். கர்னல் சாரிடம் திட்டு வாங்கி மனு எழுதப் பழகியவர்கள்தான். டைப்படிக்க நான் இருக்கிறேன். இந்த அறைக்கு யார் பெயரும் வைக்கவேண்டாம்.

வாசகத்தில் 'இத்தனை பேர்' என்று விட்டிருக்கும் இடத்துக்கு எண் வேண்டும். மனு கொடுத்தவர்கள் பெயரையும் தேதியையும் அவர் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டே வந்தார். நான்கு நோட்டு. நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வந்திருந்தால் அதை ஒன்றாகத்தான் எண்ணவேண்டும், இல்லாவிட்டால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அதனால் நேரம் பிடிக்கிறது. இப்போது இரண்டாவது நோட்டில் இருக்கிறேன். கல் அடிக்கிறவரைச் சனிக்கிழமை வரை நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
தேரடித் தெரு டைப்ரைட்டிங் டீச்சர்